பிள்ளைக்கு சல்மனெல்லா வந்தது, இனி வீட்டில் மீன் சமைக்கலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் அறக்குளா வாங்கினேன். பாதியைக் குழம்பு வைத்தேன், பாதியைப் பொரித்தேன். மீனை மஞ்சளும் தேசிக்காயும் போட்டு நன்றாகக் கழுவினேன். பலகையையும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் கரட்டும் வெள்ளரிக்காயும் வெட்டி சலாது செய்தேன். மத்தியானம் ஒன்றரைக்கு எல்லாரும் சாப்பிட்டோம். மாமிக்குப் பல் கூசும், சலாது வேண்டாம் என்றார். நான் கடைசியில் இருந்தபோது அது முடிந்துவிட்டது. திங்கள் இரவு ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம். கணவருக்கும் ஒரு நாள் வயிறு குழம்பியது. மகளின் மலப் பரிசோதனையில் சல்மனெல்லா என்று வந்தது. டொக்டர் அன்டிபயோட்டிக் தரவில்லை, உப்புச்சீனிக் கரைசலான ஜீவனி மட்டும் கொடுக்கச் சொன்னார். மகள் தேறிவிட்டாள். ஆனால் மாமி, "இனி இந்தக் குசினிக்குள் மீன் வரக்கூடாது, இது நெருப்புக் காய்ச்சலில் (டைபொயிட்) கொண்டுபோய் விடும்" என்கிறார். போன வருடம் அவருக்குச் சூரை மீன் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடித்தது. அதுவும் இதுதானா? பெயரைப் பார்த்தால் செமன் ரின்னோடு சம்பந்தம் போல இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வேறு கோல் எடுத்து விசாரித்தார். மீன்காரருக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, மகள் தேறிவிட்டாள் என்ற வரியைத்தான் முதலில் தேடி வாசித்தேன். சந்தோஷம். உங்கள் முக்கியமான கேள்விக்குப் பதில் கடிதத்திலேயே கிடக்கிறது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில்.

ஒரு வீட்டிலோ கல்யாணப் பந்தியிலோ பலருக்கு ஒன்றாக வயிறு கெட்டால், நாங்கள் முதலில் போடுவது ஒரு சின்னக் கணக்கு. யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், அவர்களில் யாருக்கு வருத்தம் வந்தது? உங்கள் வீட்டில் நாலு பேரும் மீன் சாப்பிட்டிருக்கிறீர்கள். வருத்தம் வந்தது இரண்டு பேருக்கு. மாமி சலாதைத் தொடவில்லை, உங்களுக்கு அது மிஞ்சவில்லை. சலாது சாப்பிட்டது மகளும் கணவரும் மட்டும். அந்த இரண்டு பேருக்குத்தான் வயிறு கெட்டது. நேரமும் பொருந்துகிறது. சல்மனெல்லா வயிற்றுக்குள் போனால் 6 முதல் 72 மணித்தியாலத்துக்குள், அநேகமாக 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள், காய்ச்சலும் வயிற்றோட்டமும் தொடங்கும். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு, திங்கள் இரவு காய்ச்சல்.

நாலு பேரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். பரிசோதனை அறிக்கை கிருமியின் பெயரைச் சொல்லுமே தவிர, அது எந்தக் கோப்பையிலிருந்து வந்தது என்று சொல்லாது. உலகம் முழுக்கப் பார்த்தால் சல்மனெல்லாவை அதிகம் கொண்டுவருவது கோழி இறைச்சியும் முட்டையும்தான். மீனுக்கு அதற்குப் பிறகுதான் இடம். ஆனாலும் உங்கள் கடிதத்தை வைத்துக் கேட்டால், நான் கை காட்டுவது அந்தப் பலகையை. மீனிலிருந்த கிருமி பலகைக்குப் போய், பலகையிலிருந்து கரட்டுக்கு ஏறியிருக்கிறது. மீன் அடுப்புக்குப் போனது, கரட் போகவில்லை.

அடுப்பைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். துண்டின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசில் இரண்டு நிமிடம் இருந்தால் சல்மனெல்லா செத்துவிடும். நம் குழம்பு கொதிக்கும்போது கிட்டத்தட்ட 100 பாகை. புளியும் மிளகாயும் கொதித்துப் பிறகு தேங்காய்ப்பால் விட்டு இறக்கும்வரைக்கும் அந்தச் சட்டிக்குள் எந்தச் சல்மனெல்லாவும் உயிரோடு இருக்காது. மணிக்கணக்காய்க் கொதிக்கும் ஒடியற்கூழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொரியலில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த தடித்த துண்டை ஐஸ் விடாமலே தாச்சியில் போட்டால் வெளியே பொன்னிறமாய் முறுகிவிடும், உள்ளே நடு முள்ளோடு ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும். அது வேகவில்லை என்று அர்த்தம். முள்ளுக்கரண்டியால் குத்தினால் சதை வெள்ளையாய் இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

அப்படியென்றால் மீனில் சல்மனெல்லா எப்படி வருகிறது? ஆடு, மாடு, கோழி, பல்லி, ஆமை, மனிதர், இவர்கள் குடலில்தான் அது குடியிருக்கும். நல்ல கடல் தண்ணீரில் நீந்தும் மீனின் குடலுக்கு அது சொந்தக்காரன் அல்ல, வந்து சேர்ந்த விருந்தாளி. மலம் கலந்த தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் மீனுக்கு அது ஒட்டுகிறது. கொழும்பின் கழிவுநீர் நெடுங்காலமாக முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் குழாய் வழியே கடலுக்குள்தான் விடப்பட்டு வருகிறது. மழை அடித்துப் பெய்தால் களனி கங்கை ஊர் அழுக்கெல்லாவற்றையும் கொண்டுவந்து கடலில் சேர்க்கும். கரையோரத்து மீனுக்கும், தண்ணீரை வடித்து வடித்துச் சாப்பிடும் மட்டிக்கும் அதில் ஆபத்து உண்டு. உங்கள் அறக்குளா அநேகமாக அதற்கு எட்டாத தூரத்தில் பிடிபட்டதாக இருக்கும். அதற்குக் கிருமி ஏறுவது கரைக்கு வந்த பிறகு. சுத்தமில்லாத தண்ணீரில் செய்த ஐஸ், நிலத்தில் இழுபடும் கூடை, இலையான், காகம், கை.

என் வீட்டு வாசலுக்கும் ஒரு மீன்காரர் வருவார். அருமையான மனிதர், மீனைப் பார்த்தவுடனே வயதைச் சொல்வார். ஒரு நாள் நான் மீனைப் பார்க்காமல் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். செதிள் சுரண்டினார், குடலை எடுத்தார், கத்தியைப் பெட்டியில் தொங்கிய துணியில் துடைத்தார். சின்ன வாளியில் இருந்த தண்ணீரில் மீனை ஒரு தரம் முக்கி எடுத்தார். அந்தத் தண்ணீர் காலையில் எனக்கு முன் எத்தனை வீட்டு மீனைக் கண்டதோ, தேநீர் நிறத்தில் இருந்தது. பிறகு அதே துணியில் கையைத் துடைத்து, எனக்கு மிச்சக் காசைத் தந்தார். தெருவில் பைப் இல்லாமல், வெயிலில் நின்று வேலை செய்யும் மனிதர் வேறென்ன செய்வார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மீனை என் குசினிக்குள் கொண்டுபோன பிறகு நான் என்ன செய்கிறேன் என்பது என் கையில் இருக்கிறது.

நீங்கள் மீனை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள், செவுளைத் தூக்கிச் சிவப்பையும் பார்த்திருப்பீர்கள். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் அது மீன் பழுதாகிவிட்டதா என்பதைத்தான் காட்டும். சல்மனெல்லாவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கண் பளபளக்கும் மீனிலும் இருக்கலாம், நாறும் மீனில் இல்லாமலும் இருக்கலாம். ஆய்வுகூடத்தில் நாங்கள் அதைக் கண்டுபிடிக்க நாட்கணக்கில் காத்திருக்கிறோம். 25 கிராம் மீனை எடுத்து, ஊட்டத் திரவத்தில் போட்டு வளரவிட்டு, பிறகு சிவப்பு ஊடகம் ஊற்றிய தட்டில் கீறி, மறுநாள் மூடியைத் திறப்போம். சல்மனெல்லா இருந்தால் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி. மீனின் கண் போலவே இருக்கும். அப்படியே உண்ணத் தயாரான கடலுணவு என்றால் அந்த 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் கணக்கு.

மஞ்சளும் தேசிக்காயும் கவிச்சியை எடுக்கும், ருசி தரும். கிருமியைக் கொல்லும் என்று அவற்றை நம்ப முடியாது. பலகைக்கும் இதே கதைதான். தேசிக்காய்த் தோலால் தேய்த்தால் மீன் நாற்றம் போய்விடும், போனதும் சுத்தம் என்று மனம் ஆறிவிடும். கத்தி விழுந்த கீறல்களுக்குள் இருக்கும் கிருமிக்கு அது ஒன்றும் செய்யாது. வெறும் தண்ணீரில் அலசுவது அதைவிட மோசம், கிருமியைப் பலகை முழுக்கப் பரப்பிவிடும். அப்புறம் மீன் கழுவும் சிங்க். பைப்பை முழு வேகத்தில் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் வடியவைத்திருக்கும் கோப்பையிலும் கரண்டியிலும் விழும். மெல்லத் திறந்து கழுவுங்கள், பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள். கழுவி முடிந்ததும் சிங்க், பலகை, கத்தி மூன்றையும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேயுங்கள். பிறகு வாசனை சேர்க்காத வெளுக்கும் திரவம் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து, அதை விட்டு இரண்டு நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். துடைக்கும் துவாயை அன்றே துவைக்க வேண்டும். குசினித் துவாயை நான் என் வீட்டில் நெருப்பு மாதிரிப் பார்ப்பேன்.

இதையெல்லாம் விடச் சுகமான வழி ஒன்று மாமிக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர் வீடுகளில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மச்சம் வெட்டிய கத்தி மரக்கறியைத் தொடாது. வெள்ளிக்கிழமை விரதத்துக்காகவும் ஆசாரத்துக்காகவும் வைத்திருந்த வழக்கம் அது. கிருமி பற்றி யாரும் அன்று யோசிக்கவில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு நான் உங்களுக்கு எழுதக்கூடிய எந்த ஆலோசனையும் அதைவிடக் கெட்டியாக இருக்காது. கொழும்புத் தொடர்மாடியின் சின்னக் குசினிக்கு வந்தபோது பானையும் கத்தியும் குறைந்துவிட்டன, ஒரே பலகையில் எல்லாம் நடக்கிறது. இரண்டு நிறத்தில் இரண்டு பலகை வாங்குங்கள், ஒன்று மச்சத்துக்கு மட்டும். அதோடு, சமைக்காமல் சாப்பிடும் சாமானை முதலில் வெட்டி மூடி வைத்துவிட்டு, பிறகுதான் மீன் பையை அவிழ்க்க வேண்டும். மீன் வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக இந்தப் பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மாமியிடமே பொறுப்பைக் கொடுங்கள். அவர் கண்டிப்பாக இருப்பார் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நேரத்தையும் சொல்ல வேண்டும். சல்மனெல்லா அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கிறது என்று வையுங்கள், ஒன்று ஐந்து மணித்தியாலத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கொழும்பின் சூடு அதற்குத் தாய்வீடு. 5 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் சாகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் எல்லாம் சாகாது, உறங்கிக்கொண்டிருக்கும். அதனால் மீனை வாங்கியவுடன் பிரிட்ஜில் வையுங்கள், கீழ்த் தட்டில், மூடிய பாத்திரத்தில், அதன் தண்ணீர் எதிலும் சொட்டாதபடி. மீன்காரரிடம் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுச் சூட்டுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். பெட்டியின் மேலே நாலு கட்டி கிடந்தால் அது அலங்காரம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அப்படி நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிரிட்ஜ் நின்றால், உள்ளே இருக்கும் பச்சை மீனை மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறியுங்கள். மறுநாள் மீன்குழம்பு ருசிதான், எனக்கும் பிடிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குப் போய், மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் சாப்பிடலாம்.

பச்சையாகவோ அரைகுறையாகவோ சாப்பிடும் மீனில்தான் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன. 2012இல் சூரை இன மீனின் முள்ளோடு ஒட்டிய சதையை இந்தியாவில் சுரண்டி எடுத்து, உறைய வைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே அதைச் சுஷிக்குப் பச்சையாகப் பயன்படுத்தினார்கள். 425 பேருக்கு சல்மனெல்லா. உறைய வைத்தது காப்பாற்றவில்லை, பாருங்கள். அதே ஆண்டு நெதர்லாந்தில் புகையூட்டிய சல்மன் மீன் சாப்பிட்ட 1,149 பேருக்கு ஆய்வுகூடத்தில் உறுதியானது. தேடிக்கொண்டு போனால், மீனை வைத்த தட்டுகளில் நுண்ணிய துளைகள், எத்தனை தரம் கழுவினாலும் கிருமி அதற்குள் ஒளிந்திருந்தது. உங்கள் பலகையும் அந்தத் தொழிற்சாலைத் தட்டும் ஒரே சாதி. இப்போது கொழும்பில் சுஷிக் கடைகள் வந்துவிட்டன, பெரியவர்கள் விரும்பினால் நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடட்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், மாமி வயதுக்காரர், நீரிழிவோ வேறு நோயோ உள்ளவர்களுக்குப் பச்சை மீன் வேண்டவே வேண்டாம்.

சரி, பெயர். பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. சல்மன் என்பது ஒரு மனிதரின் பெயர். டானியல் எல்மர் சல்மன் என்ற அமெரிக்க மிருக வைத்தியரின் கீழ் வேலை செய்த தியபோல்ட் சிமித், 1885இல் பன்றிகளிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். மேலதிகாரியின் பெயர் கிருமிக்கு ஒட்டிக்கொண்டது. நாம் செமன் என்று சொல்லும் ரின் மீன் பெரும்பாலும் சல்மனே இல்லை, கானாங்கெளுத்தி மாதிரியான வேறு மீன். ரின்னை மூடிய பிறகு 120 பாகைக்குக் கிட்டச் சூடாக்குகிறார்கள், அதில் சல்மனெல்லா தப்பாது. ரின் உப்பியோ நசுங்கியோ இல்லாமல் பார்த்து வாங்குங்கள், உடைத்தால் மிச்சத்தை வேறு பாத்திரத்தில் மாற்றி பிரிட்ஜில் வையுங்கள்.

மாமியின் நெருப்புக் காய்ச்சல் பயத்துக்கும் பதில் உண்டு. நெருப்புக் காய்ச்சலும் ஒரு சல்மனெல்லாதான், ஆனால் வேறு வகை. அது மனிதரிடம் மட்டும் வாழ்வது, மனிதரின் மலத்திலிருந்து இன்னொரு மனிதரின் வாய்க்கு வருவது. சல்மனெல்லாவில் 2,500க்கும் மேல் வகைகள் இருக்கின்றன. மகளுக்கு வந்தது வயிற்றோடு நின்று போகும் வகை. அது நெருப்புக் காய்ச்சலாக மாறாது.

போன வருடம் மாமிக்கு வந்தது முற்றிலும் வேறு விஷயம், இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற ஒரு பொருள் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும், வாயில் மிளகு மாதிரி எரியும். மாமிக்கு நடந்தது அப்படியே இதுதான். நான் மேலே அடுப்பைப் புகழ்ந்தேன் அல்லவா, ஹிஸ்டமினுக்கு முன் அந்த அடுப்பு தோற்றுவிடும். கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் போகாது. மீனை முதலிலிருந்தே ஐஸில் வைத்திருப்பது ஒன்றுதான் வழி. அநேகமாக அலர்ஜி மாத்திரையில் அடங்கிவிடும். மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். இதை ஒரு தரம் கண்ட பலர், "எனக்கு மீன் ஒத்துவராது" என்று சாகும்வரை மீனை விட்டுவிடுகிறார்கள். மாமி அதற்குப் பிறகு சூரை சாப்பிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால், பிழை அந்த ஒரு மீனில்தான் இருந்திருக்கும்.

பி.எச்.ஐ. விசாரித்ததற்குக் கவலைப்பட வேண்டாம். உணவு நஞ்சாதல் நம் நாட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. மகளைப் பார்த்த டொக்டர் தன் கடமையைச் செய்திருக்கிறார், அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக அவரிடம் போயிருக்கிறது. அதே தெருவில் இன்னும் நாலு வீட்டில் இப்படி நடந்திருந்தால் கண்டுபிடிக்க அதுதான் வழி. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், பலகை விஷயத்தையும் சேர்த்து. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு வந்ததை வைத்து மீன்காரரின் பிழைப்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பி.எச்.ஐ. அவரைச் சந்தித்தால், ஐஸ் பற்றியும் அந்த வாளித் தண்ணீர் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்வார், அவ்வளவுதான்.

கடைசியாக மகள். டொக்டர் அன்டிபயோட்டிக் தராதது மிகச் சரி. ஆரோக்கியமான பிள்ளைக்கு இது நாலிலிருந்து ஏழு நாளில் தானாக மாறும். தேவையில்லாமல் மருந்து கொடுத்தால் கிருமி குடலில் இன்னும் கூடுதல் காலம் தங்கிவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை, வயதானவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர், கிருமி இரத்தத்தில் கலந்தவர், இவர்களுக்குத்தான் மருந்து. உங்கள் வீட்டில் இனி யாருக்காவது வயிற்றோட்டம் வந்து, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தாலோ ஜீவனியோடு வீட்டில் இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையைப் பார்மசியில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

வயிற்றோட்டம் நின்று 48 மணித்தியாலம் கடந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகலாம், ஆகவே மகள் இப்போது போகலாம். ஆனால் சிறு பிள்ளைகளின் மலத்தில் இந்தக் கிருமி நோய் மாறி சில வாரம் போய்க்கொண்டே இருக்கும். மறுபடி பரிசோதனை செய்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழிப்பறைக்குப் போய் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறாளா என்று இன்னும் ஒன்றிரண்டு மாதம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதில் ஆசை அதிகம். அந்தக் காலம் முடியும்வரை அப்பம்மாவின் சாப்பாட்டை மட்டும் அவள் கையால் எடுத்து வைக்க விடாதீர்கள்.